போனா, சைக்கிள் கம்ப்யூட்டரா? ரைடு பதிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு விடியற்காலை சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பும் ஒரு சின்ன சைக்கிள் குழுவோடு பல வருடமாக ஓட்டி வருகிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் டீக்கடையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்: போன் போதுமா, மீட்டர் வாங்கணுமா? அதற்கப்புறம் வருகிற சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

ரைடு பதியற ஸ்ட்ராவா ஆப் போன்லயே ஓடுதேண்ணா. அப்புறம் எதுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர்?

ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. எவ்வளவு தூரம் போனோம், எவ்வளவு நேரம் ஆனது, எந்த வழியாகப் போனோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் போதும் என்றால் போனே போதும். அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் வாங்க எனக்குத் தெரிந்து வலுவான காரணங்கள் இரண்டு. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எண்களைப் பார்க்க வேண்டியிருப்பது ஒன்று. போனின் சார்ஜைக் காப்பாற்றுவது இன்னொன்று. துல்லியத்துக்காக வாங்குகிறேன் என்று பலரும் சொல்வார்கள். என் கணக்கில் அது மூன்றாவதுதான். சார்ஜ் விஷயத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சைக்கிள் கம்ப்யூட்டர்னா அந்தக் காலத்துல ஸ்போக்ல காந்தம் கட்டி வச்சிருப்பாங்களே, அதுவா?

அதுவும் ஒரு வகை, இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. முன்சக்கர ஸ்போக்கில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார். காந்தம் சென்சாரைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் சக்கரம் ஒரு சுற்று சுற்றியதாகக் கணக்கு. சுற்றளவால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். ஒரு பட்டன் பேட்டரி மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் எந்த வழியில் போனீர்கள் என்பது அதற்குத் தெரியாது, ரைடை எந்த ஆப்புக்கும் அனுப்பாது.

இப்போது எல்லோரும் பேசுவது ஜிபிஎஸ் வைத்த வகை. கார்மின், வாஹூ, பிரைட்டன், ஐஜிபிஎஸ்போர்ட், எக்ஸ்ஓஎஸ்எஸ் என்று பல கம்பெனிகள் செய்கின்றன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஆரம்பித்து சின்ன போன் அளவு வரைக்கும் கிடைக்கும். வழியைப் பதிவு செய்து, புளூடூத் வழியாகவோ வைஃபை வழியாகவோ ஆப்புக்கு அனுப்பிவிடும். இங்கே இனிமேல் கம்ப்யூட்டர் என்று சொல்வதெல்லாம் இந்த வகையைத்தான்.

டவரே கிடைக்காத இடத்துல போன் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு சிக்னல் அனுப்பியபடி இருக்கின்றன. போன் அதைக் கேட்டு இடத்தைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். எதையும் திருப்பி அனுப்புவதில்லை. சிம் கார்டே இல்லாத போனிலும் இது நடக்கும்.

டேட்டா தேவைப்படுவது இரண்டு இடத்தில். திரையில் வரைபடம் காட்டுவதற்கு. அதை முன்கூட்டியே டவுன்லோடு செய்துவைத்தால் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, ஆரம்பத்தில் இடத்தைச் சட்டென்று பிடிப்பதற்கு. செயற்கைக்கோள்கள் தாங்கள் எந்தப் பாதையில் இருக்கின்றன என்பதை 30 விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகின்றன. டேட்டா இருந்தால் போன் அதை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் வானத்திலிருந்து கேட்டுத்தான் ஆகவேண்டும், ஓரிரு நிமிடம் ஆகலாம். அதனால் அடுக்குமாடி பார்க்கிங்குக்குள் நின்று ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். திறந்தவெளிக்கு வந்து, சிக்னல் பிடித்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கம்ப்யூட்டருக்கும் இதே பழக்கம் வேண்டும்.

தினமும் ஆபீசுக்கு எட்டு கிலோமீட்டர், வாரக் கடைசியில இருபது. எனக்கு எது?

போன். பேன்ட் பையிலோ முதுகுப்பையிலோ போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். அந்தப் பணத்தில் முன்னாலும் பின்னாலும் நல்ல லைட்டும் ஒரு ஹெல்மெட்டும் வாங்குங்கள்.

ரெண்டுல எது கரெக்டான தூரம் காட்டும்?

திறந்த வானத்தின் கீழ், நேரான சாலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈசிஆர் மாதிரி சாலையில் 90 கிலோமீட்டர் போய்வந்தால் வித்தியாசம் சில நூறு மீட்டருக்குள் இருக்கும். இன்றைய போன்களும் கம்ப்யூட்டர்களும் ஜிபிஎஸ் தவிர ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. சிலவற்றில் நம் இஸ்ரோவின் நாவிக்கும் உண்டு. இரண்டு அலைவரிசையில் கேட்கும் போன்கள் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் பல மலிவுவிலைக் கம்ப்யூட்டர்களைவிடச் சுத்தமாகக் கோடு போடுகின்றன. இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

வளைவுகள் வரும்போதுதான் கதை மாறும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பொதுவாக விநாடிக்கு ஒரு புள்ளி, சில கருவிகளில் சில விநாடிக்கு ஒரு புள்ளி என்றுதான் பதிவாகிறது. மேலே மரம், பக்கத்தில் பாறை; புள்ளிகள் சற்று நகர்ந்து விழுகின்றன. அவற்றை நேர்கோட்டால் இணைக்கும்போது வளைவின் மூலை வெட்டுப்பட்டுவிடும். ஒவ்வொரு வளைவிலும் சில மீட்டர் போகும். எங்கள் குழுவில் இரண்டு பேர் அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து ஒன்றாக ஏறி முடித்துப் பார்த்தபோது, சக்கரத்தில் சென்சார் கட்டியவருக்கும் போனைப் பையில் வைத்திருந்தவருக்கும் அரை கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது. சக்கரம் சுற்றியதை எண்ணுகிறவரின் கணக்குத்தான் சரி. ஆகவே தூரம் மிகச் சரியாக வேண்டும் என்றால் கேட்க வேண்டிய கேள்வி "போனா கம்ப்யூட்டரா" என்பது இல்லை. சக்கரத்தில் சென்சார் இருக்கிறதா என்பதுதான்.

ஒண்ணாத்தான் போனோம், ஒண்ணாத்தான் வந்தோம். அவருக்கு ஆவரேஜ் 24, எனக்கு 19. என் போன் மோசமா?

போன் மோசமில்லை. உங்கள் டீக்கடை நேரமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. 60 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரம் ஓட்டினால் சராசரி 24. அதோடு 40 நிமிடம் நின்ற நேரத்தையும் சேர்த்து வகுத்தால் 19. இரண்டுமே உண்மையான எண்கள். ஒன்று சக்கரம் ஓடிய நேரம், மற்றது கிளம்பியதிலிருந்து முடியும்வரை ஆன நேரம். ஆட்டோ பாஸ் (நாம் நின்றால் நேரக் கணக்கும் தானாக நிற்பது) என்ற வசதி இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சார்ஜ் எவ்வளவு நேரம் தாங்கும்? பவர் பேங்க் எடுத்துட்டுப் போனா ஆச்சே?

திரையை அணைத்துப் பையில் வைத்துப் பதிவு மட்டும் செய்தால், ஓரளவு புதிய போன் ஒரு காலை ரைடு முழுக்கத் தாங்கி, பாதிக்குமேல் சார்ஜையும் மிச்சம் வைக்கும். திரையை எரியவிட்டு, வெயிலுக்காக வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, வரைபடமும் ஓடவிட்டால் நான்கைந்து மணி நேரத்தில் பல போன்கள் படுத்துவிடும். நடுத்தர விலைக் கம்ப்யூட்டர் ஒரு சார்ஜில் 15 முதல் 25 மணி நேரம் ஓடும்.

சில வருடம் முன்பு புதுச்சேரிக்குப் போகும்போது போனை ஹேண்டில்பாரில் மாட்டி வரைபடத்தைத் திறந்தே வைத்திருந்தேன். மரக்காணம் தாண்டியதும் போன் அணைந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் பின் டியூபின் வால்வு அடியோடு பிய்ந்தது. ஒட்டுப்போட முடியாத இடம். கையிலிருந்த மாற்று டியூபைக் காலையிலேயே இன்னொருவருக்குக் கொடுத்திருந்தேன். பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் நிலைமையைப் பார்த்துத் தன் பட்டன் போனை நீட்டினார். அதைக் கையில் வாங்கிய பிறகுதான், வீட்டு எண் உட்பட ஒரு எண்கூட எனக்கு மனப்பாடமாகத் தெரியாது என்பது உறைத்தது. வெகுநேரம் கழித்து ஒரு டாடா ஏஸ் ஓட்டுநர் இளநீர் குடிக்க நிறுத்தினார். அவர் வண்டியில் கேபிள் இருந்தது. நான்கு சதவீதம் ஏறியதும் வீட்டுக்கு அழைத்தேன். அன்றையிலிருந்து ரைடில் என் போனுக்கு வேலை ஒன்றுதான்: அழைப்பதற்குத் தயாராக இருப்பது. பதிவு செய்கிற வேலையை வேறொரு கருவிக்குக் கொடுத்துவிட்டேன்.

பவர் பேங்க் கட்டாயம் வையுங்கள், ஆனால் அது பையில் அவசரத்துக்கு இருக்கட்டும். வெயிலில் ஓடிக்கொண்டே சார்ஜும் ஏற்றினால் போன் இரண்டு பக்கமும் சூடாகி, சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும். மழையிலோ வியர்வையிலோ சார்ஜிங் துளை நனைந்தாலும் அதே கதைதான்.

போனை ஹேண்டில்பார்ல மாட்டினா கேமரா கெட்டுடும்னு சொல்றாங்களே, நிஜமா?

அடிப்படை இல்லாத பயம் இல்லை. நிறைய போன் கேமராக்களில் கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸோ சென்சாரோ நுண்ணிய அளவில் அசையும்படி வைத்திருக்கிறார்கள். தொடர்ந்த அதிர்வு அதைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை முக்கியமாக அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைப் பற்றியது. எஞ்சினே இல்லாத சைக்கிளில் ஆபத்து குறைவு. ஆனால் ஒல்லியான டயரில் காற்றை முறுக்கி அடைத்துக்கொண்டு, தோண்டி மூடிய தெருவில் தினமும் போனால், அந்த உதறல் முழுக்க ஹேண்டில்பாருக்குத்தான் வருகிறது.

கேமராவைவிட எனக்குக் கவலை, போன் கழன்று விழுவதைப் பற்றி. இருநூறு கிராம் கண்ணாடி ஒரு வேகத்தடையில் துள்ளினால் மலிவான பிளாஸ்டிக் மவுண்ட் பிடிக்காது. மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நான்கு மூலையையும் பிடிக்கும் மவுண்ட், அதிர்வைத் தாங்கும் ரப்பர் அடுக்கு, கூடவே ஒரு கயிறு. சட்டத்தின் மேல்குழாயில் கட்டும் சின்னப் பையில் படுக்கவைப்பது இன்னும் நல்லது.

நம்ம வெயில், மழைக்கு எது தாங்கும்?

இதில் கம்ப்யூட்டருக்குத் தெளிவான வெற்றி. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையான சுற்றுப்புற வெப்பத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் நாம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறோம். கறுப்புக் கண்ணாடி சூரியனைப் பார்த்தபடி கிடந்தால், திரை தானாக மங்கும், பிறகு "போன் சூடாகிவிட்டது" என்று நின்றுவிடும். கம்ப்யூட்டர்கள் பலவற்றின் திரை வெயிலையே பிரதிபலித்துக் காட்டும் வகை. வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும்.

மழைக்கு ஐபிஎக்ஸ்7 என்ற தரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். இப்போது நிறைய போன்களிலும் இது உண்டு. ஆனால் மழைத்துளி விழுந்த தொடுதிரையில் விரல் சொல்வதை போன் கேட்காது, துளி சொல்வதைக் கேட்கும். ஒருமுறை துளிகளே ரைடை நிறுத்திவிட்டதையும் பார்த்தேன். பட்டன் வைத்த கம்ப்யூட்டரை நனைந்த கையாலும் இயக்கலாம். மழைக்காலத்திலும் ஓட்டுகிறவர்கள் பட்டன் உள்ளதையே வாங்குங்கள்.

பாதி ரைடு காணோம், மேப்புல ஒரே நேர்கோடா கடலுக்குள்ள போகுது. ஏன்?

ஆண்ட்ராய்டு போன்களில் இது மிகச் சாதாரணம். திரை அணைந்த பிறகு பின்னணியில் ஓடும் ஆப்பை, பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே தூங்கவைத்துவிடுகிறது. நீங்கள் போனைக் கையில் எடுக்கும்போது ஆப் விழித்துக்கொண்டு, விட்ட இடத்தையும் வந்த இடத்தையும் நேர்கோட்டால் இணைக்கிறது. வளைந்த கடற்கரைச் சாலையில் அந்தக் கோடு தண்ணீரில்தான் போகும்.

செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கான பேட்டரிப் பகுதிக்குப் போய், கட்டுப்பாடு எதுவும் வேண்டாம் என்று மாற்றுங்கள். லொகேஷன் அனுமதியையும் பாருங்கள், துல்லியமான இடம் என்பது இயக்கத்தில் இருக்க வேண்டும். பவர் சேவர் அணைந்திருக்கட்டும். போன் அப்டேட் ஆன பிறகு இவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம், அப்போது மறுபடி ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதற்கு வேறு வேலையே கிடையாது.

கொல்லிமலை ஏறினோம், ரெண்டு பேருக்கும் ஏறின உயரம் வேற வேறயா காட்டுது. எதை நம்பறது?

ஏற்றம்தான் எல்லாவற்றிலும் கடினமான கணக்கு. ஜிபிஎஸ் பக்கவாட்டில் இடத்தைச் சொல்வதைவிட உயரத்தைச் சொல்வதில் பலவீனமானது. செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பதால் அப்படி. இதைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. காற்றழுத்தமானி உள்ள கருவி, அழுத்தம் குறைவதை வைத்து ஏற்றத்தைக் கணக்கிடும். கடல்மட்டத்துக்கு அருகில் 8 மீட்டருக்குச் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். நம் மலைகளுக்கு இந்த முறைதான் நல்லது. காற்றழுத்தமானி இல்லாத கருவியின் ரைடை ஆப் வாங்கி, தன்னிடமுள்ள நில உயர வரைபடத்தோடு பொருத்தி ஏற்றத்தைப் போட்டுக்கொள்ளும்.

வரைபட முறை சமவெளியில் சமாளிக்கும், மலைச் சாலையில் தடுமாறும். சாலைக்கு ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். ஜிபிஎஸ் புள்ளி பத்து மீட்டர் இடப்பக்கம் நகர்ந்தால் நீங்கள் பாறை உச்சியில், வலப்பக்கம் நகர்ந்தால் பள்ளத்தில். சாலை சீராக ஏற, வரைபடம் உங்களை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, இல்லாத ஏற்றத்தையெல்லாம் கூட்டிவிடும்.

காற்றழுத்தமானிக்கும் குறை உண்டு. மழை வருவதற்கு முன் வானிலை மாறி அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், நின்ற இடத்திலேயே 25 மீட்டர் ஏறியதாக நினைக்கும். அதன் சின்னத் துளையில் தண்ணீர் அடைத்தாலும் எண் தாறுமாறாகும், உலரவிட்டால் சரியாகிவிடும். காற்றழுத்தமானி சில போன்களிலும் இருக்கிறது, மிக மலிவான சில கம்ப்யூட்டர்களில் இல்லை. ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை என்று மலைக்காகவே வாங்குகிறவர்கள் வாங்கும்முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இதயத் துடிப்பு பெல்ட், கேடன்ஸ் சென்சார் எல்லாம் போனோட சேருமா?

புளூடூத் உள்ளவை போனோடு சேரும், ஆனால் எந்த ஆப் எதை ஏற்கும் என்பது வேறுபடும். இதயத் துடிப்பை மட்டும் ஏற்று, பெடல் சுற்றும் வேகமான கேடன்ஸை ஏற்காத ஆப்கள் உண்டு. ஆன்ட் பிளஸ் என்று இன்னொரு வகைக் கம்பியில்லா இணைப்பு இருக்கிறது. கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இரண்டையும் பேசும். ஐபோனில் ஆன்ட் பிளஸ் கிடையாது, புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலானவற்றிலும் இல்லை. இரண்டும் உள்ள சென்சாராகவே வாங்கினால் நாளைக்கு எதை மாற்றினாலும் அது வீணாகாது.

பவர் மீட்டர் வரைக்கும் போகிறவர்களுக்கு என் பதில் ஒரே வரிதான்: கம்ப்யூட்டர் வாங்குங்கள். மிதிக்கும் வாட்ஸை ஓட்டும்போதே பார்க்கத்தான் பவர் மீட்டர். போனைப் பையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியாது.

சக்கரச் சுற்றளவு கேக்குது. டயர்ல 700x28னு இருக்கு, என்ன போடணும்?

2136 மில்லிமீட்டர் என்று போட்டு ஆரம்பியுங்கள். 700x25க்கு 2105, 29x2.1க்கு 2288. தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 25 டயரை வைத்துக்கொண்டு 28க்கான எண்ணைப் போட்டால் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டும். பல ஜிபிஎஸ் கம்ப்யூட்டர்கள் ஓட ஓடத் தாங்களே திருத்திக்கொள்ளும், காந்த மீட்டர் திருத்திக்கொள்ளாது.

அளந்தே போட வேண்டுமா? வழக்கமான காற்றை அடைத்துக்கொள்ளுங்கள். வால்வு மிகக் கீழே வந்து நிற்கும் நிலையில், அதற்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. சைக்கிளில் உட்கார்ந்தபடியே, ஒருவர் பிடித்துக்கொள்ள, சக்கரம் ஐந்து சுற்று போகும்வரை நேராக நகருங்கள். மறுபடியும் கோடு போட்டு இடைவெளியை அளந்து ஐந்தால் வகுங்கள். உட்காருவது முக்கியம், உங்கள் எடையில் டயர் அமுங்கிச் சுற்றளவு சற்றுக் குறையும்.

தெரியாத ஊர்ல வழி காட்டறதுக்கு எது நல்லது?

வழி தேடுவதற்குப் போன், ஏற்கெனவே தீர்மானித்த வழியைப் பின்பற்றுவதற்குக் கம்ப்யூட்டர். மலிவான கம்ப்யூட்டர்களில் வரைபடம் இருக்காது. வெறும் வெள்ளைத் திரையில் நீங்கள் போகவேண்டிய கோடும், நீங்கள் இருக்கும் புள்ளியும்தான். ஒரே இடத்தில் மூன்று சாலை பிரியும்போது குழம்புவீர்கள். விலை கூடினால் வரைபடம் வரும், திரும்பும்முன் பீப் அடிக்கும், வழி தவறினால் வேறு வழி போடும்.

போனில் வழி பார்ப்பதாக இருந்தால், அதைப் பையில் வைத்து ஸ்பீக்கரில் குரலைக் கேளுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். பின்னால் வருகிற லாரியைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் தெரியும்.

200 கிலோமீட்டர் ப்ரெவே போகப் போறேன். போன் மட்டும் வச்சு முடிக்கலாமா?

முடிக்கலாம், முடித்தவர்கள் இருக்கிறார்கள். ப்ரெவே என்பது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு. 200க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 என்று நேர வரம்பு. நின்றாலும் தூங்கினாலும் கடிகாரம் ஓடும்; அதனால் ஆவரேஜ் பற்றிய கேள்வியில் சொன்ன இரண்டு நேரங்களில் இங்கே முழு நேரம்தான் கணக்கு. திரையில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

200க்குப் போன், பவர் பேங்க், திரை அணைந்த பதிவு என்று சமாளித்துவிடலாம். 300 என்றால் இரவு வந்துவிடும். இருட்டில், தெரியாத ஊரில், திருப்பத்தை ஒவ்வொரு முறையும் போனை எடுத்துப் பார்ப்பது களைப்பையும் நேரத்தையும் தின்னும். அந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டரை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ரெண்டுலயும் சேர்த்துப் பதிவு பண்ணலாமா?

முக்கியமான ரைடில் செய்யலாம், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். ஆனால் இரண்டையும் ஒரே ஆப்பில் ஏற்றினால் தூரம் இரண்டு முறை கூட்டப்படும். ஒன்றை அழித்துவிடுங்கள்.

பழைய போன் ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே கம்ப்யூட்டரா மாத்திடலாமா?

நல்ல யோசனை, நானே சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். சிம் வேண்டாம். ஓஎஸ்எம்ஆண்ட் மாதிரி ஆப்பில் தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கிக்கொண்டு ஏரோபிளேன் மோடில் போட்டால், லொகேஷன் மட்டும் இயங்கும், சார்ஜ் நிறைய மிஞ்சும். விழுந்து உடைந்தாலும் மனசு உடையாது. உங்கள் நிஜ போன் பையில் முழுச் சார்ஜோடு இருக்கும், அதுதான் இதில் பெரிய லாபம்.

பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிற போனை வெயிலில் ஓடவிடுவது ஆபத்து.

கையில ஸ்மார்ட்வாட்ச் இருக்கே, அது போதாதா?

ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும் வாட்ச் என்றால் பதிவுக்குப் போதும், இதயத் துடிப்பும் கிடைக்கும். ஓட்டும்போது பார்ப்பதற்கு உதவாது. மணிக்கட்டைத் திருப்பினால் ஹேண்டில்பாரிலிருந்து கை வந்துவிடுகிறது. ஓட்டமும் நடையும் சேர்த்துச் செய்கிறவர்களுக்கு வாட்ச்தான் சரி.

எவ்வளவு செலவாகும்? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தோராயமாகச் சொன்னால், காந்த மீட்டர் ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும். ஆரம்பநிலை ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் ஐந்தாயிரத்தைச் சுற்றி. வண்ணத்திரை, வரைபடம் என்று போனால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். முதல்முறை வாங்குகிறவர் நடுவில் சொன்னதை வாங்கி ஒரு வருடம் ஓட்டட்டும். என்ன தேவை என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

பழையதை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: சார்ஜிங் துளையை மூடும் ரப்பர் கிழியாமல் இருக்கிறதா, மவுண்டில் பூட்டும் பின்புறக் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா, முழுச் சார்ஜில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் எவ்வளவு இறங்குகிறது. முதல் உரிமையாளரின் கணக்கிலிருந்து கருவியை விடுவித்துத் தரச் சொல்லுங்கள்.

ரைடு போட்டா என் வீடு எங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடாதா?

கவனிக்காவிட்டால் தெரியும். 2018இல் ஸ்ட்ராவாவின் உலக வெப்ப வரைபடத்தில் (எல்லோருடைய பதிவுகளையும் சேர்த்து, அதிகம் போன வழிகளைப் பிரகாசமாகக் காட்டும் படம்), வீரர்கள் ஓடிய கோடுகளை வைத்தே ராணுவத் தளங்களின் அமைப்பு வெளியே தெரிந்துபோனது. நம் தெரு எம்மாத்திரம்? தனியுரிமைப் பகுதிக்குப் போய் வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்தை மறைத்துவிடுங்கள். குறிப்பாகப் பெண்கள், தனியாக ஒரே நேரத்தில் ஒரே வழியில் ஓட்டுகிறவர்கள், ரைடை நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். போனில் பதிந்தாலும் கம்ப்யூட்டரில் பதிந்தாலும் இது ஒன்றுதான்.

கம்பெனி சர்வர் படுத்துட்டா என் ரைடெல்லாம் போச்சா?

கம்ப்யூட்டரில் பதிந்தது என்றால் போகாது. 2020 ஜூலையில் கார்மினின் இணையச் சேவை சைபர் தாக்குதலால் சில நாள் முடங்கியது. கருவியைக் கேபிளில் கணினியோடு இணைத்து, உள்ளே இருந்த ஃபிட் கோப்பை (ரைடு பதிவாகும் கோப்பு வகை) எடுத்து நேரடியாக ஸ்ட்ராவாவில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. ஃபிட், ஜிபிஎக்ஸ் ஆகிய கோப்புகளைப் பெரும்பாலான ரைடு ஆப்கள் படிக்கும். உங்களுக்கு முக்கியமான ரைடுகளை வருடத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கிட்டேன். இனிமே போனை வீட்டுலயே விட்டுட்டுப் போகலாமா?

வேண்டாம். இரண்டு தெரு தள்ளிப் போவதாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு நேரலை இருப்பிடம் அனுப்பிவிடுங்கள். 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வு இருக்கிறது, காலை ரைடுக்கு 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கீழே விழுந்தால் தானாகச் செய்தி அனுப்பும் வசதி கம்ப்யூட்டரில் இருந்தாலும், பெரும்பாலானவை அதைப் பையிலிருக்கும் போன் வழியாகத்தான் அனுப்புகின்றன. போன் இல்லையென்றால் அந்த வசதியும் இல்லை.

சீட்டுக்கு அடியில் உள்ள பையில், டியூபுக்கும் டயர் லீவருக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறையில் மடித்த ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள். அதில் வீட்டு எண் ஒன்று, கூட ஓட்டும் நண்பரின் எண் ஒன்று, உங்கள் ரத்த வகை. என்னுடையது மரக்காணத்துக்கு மறுநாள் எழுதியது. பேனா மை மழையில் கரையும், பென்சிலால் எழுதுங்கள்.